அமுக்கனில் பிறந்த அணி

கிரேக்க நாடக ஆசிரியர் அரிஸ்டோபனீசின் ‘மேகங்கள்’ நாடகத்தில் ஸ்ட்ரெப்ஸியாடீஸ் என்றொரு கிழவர், கழுத்துவரை கடன். கடன் கொடுத்தவர்களை வாயாலேயே விரட்டும் வித்தை கைவந்துவிட்டால், ஊர் தன்னை எப்படி ஏசினாலும் சரி என்று சொல்லி, ஏச்சுகளைத் தானே அடுக்குகிறார். அவற்றுள் ஒன்று ‘எய்ரோன்’. நாடகம் முதலில் மேடையேறியது கி.மு. 423இல். இன்று ஆங்கில இலக்கிய வகுப்பில் மரியாதையோடு உச்சரிக்கப்படும் ‘ஐரனி’யின் வேர் இந்த ஏச்சில்தான் இருக்கிறது.

எய்ரோன் யார்? நம் ஊரில் அமுக்கன் என்போமே, அவனேதான். மனிதக் குணங்களைச் சித்திரமாக எழுதிய தியோபிராஸ்டஸ் முதல் ஆளாக இவனைத்தான் நிறுத்துகிறார். கேட்டதைக் கேட்கவில்லை என்பான். பார்த்ததைப் பார்க்கவில்லை என்பான். ஒப்புக்கொண்டது நினைவில்லை என்பான்.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் திராசிமாக்கஸ் பொறுமையிழந்து, இது சாக்ரடீஸின் வழக்கமான எய்ரோனெயா என்று சீறுகிறார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே எதிராளியின் வாயைக் கிளறுகிற பாசாங்கைத்தான் அப்படிச் சொல்கிறார். பாராட்டு அல்ல. ஆனால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு வந்ததும் சாக்ரடீஸால்தான். வீம்பு பேசுகிறவனைவிடத் தன்னைக் குறைத்துக்கொள்கிறவன் பண்பட்டவன் என்று அரிஸ்டாட்டில் எழுதியபோது எடுத்துக்காட்டியது அவரைத்தான். ரோமில் சிசரோ வாயிலாக அது நாகரிகமான பேச்சுக்கலையாகிவிட்டது. ஆளின் குணம் வாக்கியத்தின் குணமாயிற்று: சொல்வது ஒன்று, கருதுவது அதன் மறுதலை.

இந்தப் பொருளோடுதான் 16ஆம் நூற்றாண்டில் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தது. 1589இல் வெளியான ‘ஆங்கிலக் கவிதைக் கலை’ நூல் இதை ‘உலர்ந்த கேலி’ என்கிறது. அந்நூலை எழுதியவர் ஜார்ஜ் புட்டன்ஹாம் என்பர். உதடு அசையும், முகம் அசையாது. நல்ல பெயர்தான், ஏனோ நிலைக்கவில்லை.

உலர்ந்த கேலி அளவுக்கு மீறி உலர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு டேனியல் டீஃபோ சாட்சி. இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து விலகியவர்களை ஒழித்துக்கட்டச் சொல்லும் வெறியரின் குரலில், 1702 டிசம்பரில் பெயர் போடாமல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவரே விலகியவர்களில் ஒருவர். வெறியர்கள் சிலர் அதை மெய்யென்று நம்பி மகிழ்ந்தார்கள். குட்டு வெளிப்பட்டதும் வழக்கு. 1703 ஜூலையில் தலையையும் கைகளையும் பலகையில் பூட்டி, மூன்று நாள் லண்டன் மக்கள் முன் நிறுத்தினார்கள்.

இதுவரை எங்கோ ஓர் அமுக்கன் ஒளிந்திருந்தான். 1833இல் கானப் தர்ல்வால் ‘சோபோக்ளிஸின் ஐரனி’ பற்றி எழுதிய கட்டுரை அவனையும் நீக்கிவிட்டது. பேசுகிறவன் முழு மனதோடு பேசுகிறான். அவன் அறியாததைப் பார்க்கிறவர்கள் அறிவார்கள். நாடகத்தில் ஐரனி என்று பாடநூல்கள் கற்பிப்பது இதைத்தான். வந்த பேருந்தைத் தவறவிட்டதற்கெல்லாம் ‘என்ன ஐரனி பாருங்க’ என்பது இந்தப் பொருளுக்குப் பிறந்த பிள்ளை.

தமிழில் ஐரனியை முரண்நகை என்கிறோம். புட்டன்ஹாமின் கேலிக்கு நம்மிடம் வஞ்சப்புகழ்ச்சி ஏற்கெனவே உண்டு. தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, பீலி சூட்டி, காவலுள்ள மனையில் பளபளக்கின்றன. அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று புறநானூற்றில் ஔவை சொல்லும் அழகுக்கு நகை என்ற சொல் தகும். தர்ல்வால் காட்டிய ஐரனிக்கு அது ஒட்டுவதில்லை. சோபோக்ளிஸின் நாடகத்தில், மன்னனைக் கொன்றவன் நாசமாகப் போகட்டும் என்று ஈடிபஸ் தீப்ஸ் மக்கள் முன் சாபமிடுகிறான். கொன்றது தானே என்பது அவனுக்குத் தெரியாது. அந்த இடத்தில் நகைக்கிறவர் யார்?