சதம்: நூறு, நூற்றிலொன்றான கதை

தமிழ்நாட்டில் சதம் என்றால் கிரிக்கெட் மட்டையாளர் எடுக்கும் நூறு ஓட்டம். இலங்கைத் தமிழருக்கோ அது ரூபாயில் நூற்றிலொரு பங்கு. வடமொழியில் சதம் நூறுதான். நூறைக் குறித்த லத்தீன் ‘கெண்டும்’ சுருங்கி ‘சென்ட்’ ஆன வழியிலேயே இதன் பொருளும் நூற்றிலொன்றாகச் சுருங்கியது. கெண்டுமும் சதமும் ஒரே மூலத்தில் பிறந்தவை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்த அந்த உறவுகளை இலங்கையின் செப்புக்காசு மறுபடி சேர்த்துவைத்தது.

1872க்கு முன் அங்கே பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கு. பென்னியில் காலான பார்த்திங்கூடச் சந்தைச் செலவுக்குப் பெரிதாக இருந்ததால், 1828இல் அரைப் பார்த்திங்கும், விக்டோரியா பட்டமேற்ற பின் 1839இல் கால் பார்த்திங்கும் இலங்கைக்கென்றே அடித்தார்கள். சட்டைப் பொத்தான் போன்ற அந்தக் கால் பார்த்திங் 16 சேர்ந்தால்தான் ஒரு பென்னி.

1872இல் ரூபாய்க்கு 100 சதம் என்றானது. 1870 என்று ஆண்டு பொறித்த கால், அரை, ஒன்று, ஐந்து சதக் காசுகள் புழக்கத்துக்கு வந்தன. ஒரு பக்கம் அரசியின் தலை. மறுபக்கம் தாளிப்பனை, கூடவே சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு. அதே அரசியின் இந்தியக் காலணாவில் ஒரு தமிழெழுத்துகூடக் கிடையாது. சேகரிப்பவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியா பதின்மக் கணக்குக்கு வந்தது 1957இல்தான். அப்போது வந்த பெயரும் நயா பைசா. சதம் கடலுக்கு அப்பாலேயே தங்கிவிட்டது.

செப்பு ஐந்து சதம் ஏறக்குறைய 19 கிராம் கனம். 1909இல் அதன் இடத்துக்குச் சதுரச் செப்பு-நிக்கல் காசு வந்தது. இன்று கடைகளில் சதம் புழங்குவதில்லை. ஆனாலும் ‘ஐஞ்சு சதத்துக்குப் பிரயோசனமில்லை’ என்ற பேச்சு ஓயவில்லை.

எனக்கு இவற்றைவிட அருமையானவை காப்பி ஆலை டோக்கன்கள். கொழும்பு ஆலைகளில் காப்பிக்கொட்டை பொறுக்கித் தரம் பிரித்த பெண்களுக்குக் கூலிக் கணக்காகக் கொடுத்தவை. பழையவற்றில் 4½ பென்ஸ்; பிந்தியவற்றில் 19 சதம். இரண்டு ஷில்லிங் ஒரு ரூபாய் என்று வைத்தால் 4½ பென்ஸ் 18¾ சதம் வரும்; அதை 19 ஆக்கினார்கள். நாணயச் சட்டத்தின் புதுச் சொல் கூலிக்காரப் பெண்ணின் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்த தடயம் அந்த 19. இலைத்துரு நோயில் காப்பித் தோட்டங்கள் அழிய, டோக்கன்களும் மறைந்தன. பென்ஸ், சத டோக்கன்களைப் பிரித்துத் தனித்தனியே விற்பதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.