மாணவர் சலுகைக் கணினி மறுவிற்பனை

மாணவர் சலுகைக் கணினி மறுவிற்பனை என்பது, மாணவர் என்ற தகுதியின் பேரில் குறைந்த விலைக்கோ விலையின்றியோ பெறப்பட்ட கணினியைப் பிறருக்கு விற்பதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் தொடர்பாகவே பேசப்பட்டது.

பொருளியல் அடிப்படை

ஒரே பொருளை வெவ்வேறு மக்களுக்கு வெவ்வேறு விலையில் விற்பது விலை வேறுபடுத்தல் எனப்படும். மாணவப் பருவத்தில் பழகிய கருவியையே பின்னாளில் முழு விலை கொடுத்து வாங்குவர் என்பது சலுகை தரும் நிறுவனங்களின் எதிர்பார்ப்பாகும். சலுகையில் வாங்கியதை உடனே பிறருக்கு விற்றால் இம்முறை குலைந்துவிடும். ஆகவே மாணவர் அடையாளத்தைச் சரிபார்த்தல், வாங்கும் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தல் போன்ற கட்டுப்பாடுகள் கையாளப்படுகின்றன. மாணவர் உரிமத்துடன் வரும் மென்பொருள்களைப் பொதுவாகப் பிறருக்கு மாற்றித்தர இயலாது.

தமிழ்நாட்டில்

2011 சட்டமன்றத் தேர்தலில் அளிக்கப்பட்ட வாக்குறுதியின்படி, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கும் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தார். கணினிகளை எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. 2020 வரையிலான காலத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. ஒரு கணினிக்கான சராசரிச் செலவு ஏறத்தாழ 14 ஆயிரம் ரூபாய் ஆகும். இக்கணினிகள் வெளிச்சந்தையில் விற்கப்படுவதாக நாளிதழ்களில் செய்திகள் வெளியாயின. பள்ளிகளில் வைக்கப்பட்டிருந்த கணினிகள் திருடு போன நிகழ்வுகளும் உண்டு. அரசுக் கணினி எனக் காட்டும் அடையாளங்கள் இருந்தமையால் இவற்றை எளிதில் இனங்காண முடிந்தது.

தருமபுரி மாவட்டம்

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு வீதம் மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி ஆகும். இங்குள்ள பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய வட்டங்களில் மழையை நம்பிய வேளாண்மை மிகுதி. பெங்களூரு, திருப்பூர் போன்ற நகரங்களுக்கு வேலை தேடிச் செல்வோர் பலர். 2011-இல் தமிழ்நாட்டில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 119 ரூபாய்; 100 நாள் முழுவதும் உழைத்தாலும் கிடைப்பது 11,900 ரூபாயே. அதாவது, ஒரு மடிக்கணினியின் மதிப்பு அத்திட்டத்தில் கிடைக்கக்கூடிய ஓராண்டுக் கூலியை விட அதிகமாக இருந்தது. கல்விக் கட்டணம், மருத்துவச் செலவு போன்ற நெருக்கடி நேர்கையில் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு அக்கணினி விற்கத்தக்க சொத்தாகத் தோன்றுவதன் காரணத்தை இவ்வொப்பீடு விளக்குகிறது. ஆயினும் அவ்வாறு விற்கும் மாணவர், அதே கணினியை முழு விலைக்கு மீண்டும் வாங்குவது அரிது.

பிற்காலம்

பெருந்தொற்றுக் காலத்தில் தடைப்பட்ட இத்திட்டத்தின் தொடர்ச்சி போல, 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்திலும் 2013-இல் மாணவர்களுக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அங்கும் மறுவிற்பனை குறித்த செய்திகள் வெளியாயின.