பொம்மைக்குப் புடவை கட்டினது யாரு?

பாடியில இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோட் பொம்மைகளோட உடுப்பைப் பத்தி. சின்ன விஷயம் மாதிரி தெரியும். கொஞ்சம் தோண்டினா சோழர் காலம் வரைக்கும் போகும்.

ஆக்‌ஷன் ஃபிகர் சேர்க்கிறவங்களும், கையால ஃபிகர் செய்றவங்களும் ரொம்ப நாளா வாக்குவாதம் பண்ற ஒரு கேள்வி இருக்கு. உடுப்பை உடம்போட சேர்த்தே செதுக்கிடணுமா, இல்ல நிஜத் துணியில தைச்சு மாட்டணுமா?

முதல்ல கணக்கைப் பார்ப்போம். ஒரு காட்டன் துணியோட தடிமன் 0.3 மில்லிமீட்டர்னு வைங்க. ஓரடி உயர ஃபிகர் நம்ம உயரத்துல ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அதுக்கு அந்தத் துணியைப் போட்டா, நாம 1.8 மி.மீ. தடிமன்ல சட்டை போட்ட மாதிரி இருக்கும். ஜீன்ஸை விட மொத்தம். உள்ளங்கையில அடங்குற, பதினெட்டில் ஒரு பங்கு ஃபிகர்னா 5.4 மி.மீ. ஆயிடும். அது சட்டை இல்ல, கம்பளி. பொம்மையைச் சின்னதாக்கலாம், நூலைச் சின்னதாக்க முடியாது. அதனாலதான் 1964ல ஓரடி உயரத்துல துணி உடுப்போட வந்த ஜி.ஐ. ஜோ, 1982ல நாலங்குலத்துக்கும் கீழ சுருங்கி வந்தப்ப உடுப்பெல்லாம் பிளாஸ்டிக்லயே வார்த்து வந்துச்சு.

ஆனா கணக்கு மட்டுமே முடிவு பண்றதில்ல. 1978ல கென்னர் கம்பெனி ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை விட்டப்ப, ஜாவாங்கிற குட்டிப் பாத்திரத்துக்கு முதல்ல வினைல் அங்கி போட்டாங்க. சீக்கிரமே அதை எடுத்துட்டு துணி அங்கி போட்டாங்க. அந்தச் சின்ன சைஸ்லயும் துணி ஜெயிச்சுது. இன்னைக்கு சேகரிப்பாளர்கள் தேடி அலையறது, குறைஞ்ச நாள் மட்டும் வந்த அந்த வினைல் ஜாவாவைத்தான்.

நம்ம ஊர் விடைகள்

இந்தக் கேள்விக்கு தமிழ்நாட்டுல ஒண்ணு இல்ல, பல விடைகள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு காரணம் இருக்கு.

கொலு மண் பொம்மையை எடுத்துக்கோங்க. பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரை விளாச்சேரி, நம்ம சென்னையிலயே கொசப்பேட்டை, இங்கெல்லாம் பரம்பரையா செய்றாங்க. களிமண்ணை ரெண்டு பாதி அச்சுல அழுத்தி, ஒட்டி, காயவச்சு, சுட்டு, வண்ணம் பூசுவாங்க. புடவையோட மடிப்பு அச்சுலயே இருக்கு. இதுல ஒரு கட்டுமான லாபமும் உண்டு. மண்ணுல மெல்லிசா கணுக்கால் செஞ்சா உடைஞ்சுடும். தரை வரைக்கும் விழுற புடவையா செஞ்சா பொம்மை கெட்டியா நிக்கும். அங்க புடவைதான் அஸ்திவாரம்.

அடுத்தது தஞ்சாவூர் நாட்டியப் பொம்மை. தலை, உடம்பு, பாவாடை, கால் எல்லாம் தனித்தனி. ஒண்ணு மேல ஒண்ணு ஒரு முனையில உட்கார்ந்து ஆடும். அந்தப் பாவாடையைத் துணியில தைக்க முடியாது. காகிதக்கூழ்ல விறைப்பா செஞ்ச பாவாடை, தாங்குற முனைக்குக் கீழ எடையை இறக்கி வைக்குது. தட்டினா ஊசல் மாதிரி ஆடி, பழைய இடத்துக்கே வந்து நிக்குது. துணியா இருந்தா தொங்கும், ஆட்டத்தைத் தாங்காது. அங்க உடுப்புதான் மெஷின்.

பொம்மலாட்டத்துல இதுக்கு நேர் எதிர். மரப் பொம்மைகள், நாலரை அடி உயரம், பத்து கிலோ எடை வரைக்கும் இருக்கும். கயிறுகளை ஒரு இரும்பு வளையத்துல கட்டி, ஆட்டுறவர் அதைத் தன் தலையில மாட்டிக்குவார். கை, கால் மூட்டெல்லாம் மடங்கணும். மரத்துலயே புடவை செதுக்கினா மூட்டு மடங்காது. அதனால நிஜத் துணி. அது மூட்டையும் மறைக்கும், அசைவுக்கும் வழிவிடும்.

இது வரைக்கும் எல்லாம் இன்ஜினியரிங். பொம்மை எதுல ஆனது, எப்படி அசையுதுன்னு பார்த்தா விடை கிடைச்சுடும். ஆனா ரெண்டு இடத்துல இந்தக் கணக்கு உதவாது. ஒண்ணு வீட்டுல இருக்கு, இன்னொண்ணு கோயில்ல.

மரப்பாச்சி

கொலுப்படியில மத்த பொம்மைகளுக்கு முன்னாடி வைக்கிற ஜோடி, மரப்பாச்சி. பழைய வழக்கப்படி செம்மரம். ஒரே கட்டையில செதுக்கினது, கை உடம்போட ஒட்டி இருக்கும், கால் நேரா இருக்கும், எந்த மூட்டும் கிடையாது. கல்யாணமான பொண்ணுக்குப் பிறந்த வீட்டுல கொடுத்து அனுப்புவாங்க. அவ கொலு அதிலிருந்துதான் ஆரம்பிக்கும். செம்மரம் 1995லிருந்து சைட்டிஸ் சர்வதேச ஒப்பந்தத்தோட இரண்டாவது பட்டியல்ல இருக்கு. இப்போ வேற மரத்துல செஞ்ச ஜோடிகளும் நிறைய விக்குது.

கவனிங்க, மரப்பாச்சியில உடுப்பு செதுக்குறது கஷ்டமே இல்ல. அசைவும் கிடையாது. இன்ஜினியரிங்படி பார்த்தா செதுக்கி முடிச்சு வண்ணம் அடிச்சுடலாம். பல மரப்பாச்சியில லேசா மடிப்பு, நகை எல்லாம் செதுக்கியும் இருக்கும். இருந்தும் வருஷா வருஷம் அதுக்குத் துணி கட்டுறாங்க. பழைய பட்டுப்புடவை ஓரம், ரவிக்கைத் துண்டு, கொஞ்சம் ஜரிகை, பாசிமணி. மரத்தச்சர் தன் வேலையை முடிச்ச இடத்துல வீட்டுப் பெண்களோட வேலை ஆரம்பிக்குது.

என் கணக்குப்படி உண்மையான வித்தியாசம் இங்கதான் இருக்கு. செதுக்கின உடுப்புன்னா செஞ்சவரோட கடைசி வார்த்தை. துணி உடுப்புன்னா, வச்சிருக்கிறவங்க அந்தப் பொம்மையைத் திரும்பத் திரும்ப செய்றாங்க.

செப்புத் திருமேனி

இப்போ கோயிலுக்கு வருவோம். சோழர் காலச் செப்புத் திருமேனிகள்ல உடுப்பு மெழுகுலயே செதுக்கி வார்த்தது. இடுப்புத் துணியோட கோடு, முடிச்சு, ஆபரணம் எல்லாம் உலோகத்துலயே இருக்கு. நடராஜர் சிலைகள்ல இடுப்புத் துணியோட முனை காத்துல பறக்கும். அந்த ஒரு நொடியை உலோகத்தால பிடிச்சு வைக்க முடியும், துணியால முடியாது.

ஆனா அந்தத் திருமேனிக்கு மேல திரும்பவும் பட்டு கட்டுறாங்க. நம்ம பாடி திருவலிதாயம் கோயிலோ, வேற எந்தக் கோயிலோ, உற்சவர் புறப்பாட்டுல நமக்குத் தெரியறது முகமும் பட்டும் மாலையும்தான். சிற்பி அவ்வளவு நுணுக்கமா செதுக்கினது உள்ள இருக்கு. அது வீணா? இல்ல. சாமி எப்பவும் உடுத்தித்தான் இருக்கு. பட்டு கட்டுறது அது மேல நடக்குற உபசாரம்.

இங்கதான் ஒரு சிக்கல். நம்ம அரக்கோணம் ரயில் பாதையில இருக்கிற திருவாலங்காட்டோட நடராஜர், இப்போ எழும்பூர் அருங்காட்சியகத்துல இருக்கார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின், சென்னை அருங்காட்சியக நடராஜர் படங்களைப் பார்த்து அசந்துபோய் 1913ல ஒரு கட்டுரை எழுதினார். அது 1921ல, அவர் இறந்த பிறகு அச்சாச்சு. அவர் கொண்டாடினது உடம்போட வடிவத்தை. அவர் பார்த்த படங்கள்ல பட்டும் இல்ல, பூவும் இல்ல. சோழர் கலைன்னா உடம்பை மறைக்காத கலைன்னு இன்னைக்கு நம்ம மனசுல இருக்கிற படமும், துணியைக் கழட்டி வச்ச அருங்காட்சியகத்துல உருவான படம்தான். அந்தச் சிலைக்கு முன்னாடி நின்னு கும்பிட்டவங்க பார்த்தது வேற.

மிஞ்சினதும் மிஞ்சாததும்

எங்க தொழில்ல சர்வைவர்ஷிப் பயஸ்னு சொல்லுவாங்க. மிஞ்சினதை மட்டும் வச்சு முழுசையும் முடிவு பண்ற கோளாறு. உலோகம் ஆயிரம் வருஷம் நிக்கும். சுட்ட மண், உடையாம இருந்தா, அதுவும் நிக்கும். பட்டு சில தலைமுறையில நூல் நூலாப் போயிடும். ஆக பொம்மை வரலாறுன்னு நம்ம கையில இருக்கிறது செதுக்கினவங்களோட வரலாறு. தைச்சவங்க, கட்டினவங்க அதுல இல்ல. லாக் எழுதாத சர்வீஸ் மாதிரி, வேலை நடந்துது, பதிவு இல்ல.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல திருமேனிகளோட உயரத்தை முழக்கணக்குல, விரல்கணக்குல எழுதி வச்சிருக்காங்க. நகையில எத்தனை முத்துன்னு கூட இருக்கு. ஆனா மரப்பாச்சிக்குக் கொசுவம் வச்ச பாட்டிக்கு எந்தக் கல்வெட்டும் கிடையாது. இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல. 1959ல பார்பி வந்தப்ப, அந்தக் குட்டி உடுப்புகளைத் தைச்சது ஜப்பான்ல வீட்டுல உட்கார்ந்து கூலிக்கு வேலை செஞ்ச பெண்கள். பெட்டி மேல கம்பெனி பேர் இருந்துது. தைச்சவங்க பேர் இல்ல.

இப்போ இன்னொரு மாற்றமும் நடக்குது. கடையில, ஆன்லைன்ல அலங்காரம் பண்ணின மரப்பாச்சி ரெடியா கிடைக்குது. பட்டு, ஜரிகை, கல் எல்லாம் வச்சு, பசையால ஒட்டி வருது. பார்க்க அழகுதான், செய்றவங்களுக்கு அது வருமானம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒட்டின துணியைக் கழட்ட முடியாது. பேருக்குத்தான் அது துணி, நடைமுறையில செதுக்கின உடுப்பு. அடுத்த வருஷம் உங்க பொண்ணு அதுக்கு வேற புடவை கட்ட முடியாது.

அதனால ஃபிகர் செய்யப்போறவங்க கேட்டா என் பதில் இதுதான். சின்ன சைஸ், இல்ல காத்துல பறக்குற உடுப்புன்னா செதுக்குங்க. மூட்டு மடங்கணும்னா துணி போடுங்க. ரெண்டுமே சரின்னு வர்ற இடத்துல, உங்களுக்கு அப்புறம் இதைத் தொடப்போறவங்களுக்கு ஏதாவது வேலை மிச்சம் வைக்கணுமான்னு யோசிங்க. வைக்கணும்னா, கழட்டுற மாதிரி தைங்க.

வீட்டுல கொலு வைக்கிறவங்களுக்கு ஒரு வேலை தர்றேன். இந்த நவராத்திரிக்கு மரப்பாச்சியைப் பரண்ல இருந்து இறக்கும்போது, அது மேல இருக்கிற துணி யாரோட புடவையில இருந்து வந்துது, யார் கட்டினதுன்னு கேளுங்க. பதிலை ஒரு சீட்டுல எழுதி, பொம்மையோட பெட்டிக்குள்ளயே போட்டு வைங்க. பேர், வருஷம், எந்தப் புடவை, அவ்வளவு போதும். துணி போனாலும் சீட்டு இருக்கும்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.