இரவலாய் வந்த வரலாறு

மும்பைவாழ் தமிழரின் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மாட்டுங்காவில் தொடங்கி மாட்டுங்காவிலேயே முடிந்துவிடுகிறது. கோயில், காய்கறி, காப்பிப்பொடி, வார இதழ் என யாவும் அங்கே கிடைத்துவிடுவதால், அதற்கும் தெற்கே செல்லும் தேவை எழுவதில்லை. ஐரோலியில் வாழும் நமக்கோ, தாணேயில் வண்டி மாறிப் போரிபந்தர் எனப் பழையவர்கள் இன்றும் சொல்லும் இறுதி நிலையத்தில் இறங்குவதே ஒரு பெரும் பயணம். எனினும், அந்நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், காலா கோடாவில், உலகநாடுகளின் பழம்பொருள்கள் சில திங்கள் வந்து தங்கிச் செல்லும் மாளிகை ஒன்று உண்டு.

வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகம் என 1922இல் மக்களுக்குத் திறக்கப்பெற்று, 1998இல் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயம் எனப் பெயர் மாற்றம் கண்ட கட்டடமே அது. அதன் நிலையான தொகுப்புகளைப் பற்றி ஈண்டுப் பேசப் புகவில்லை. வந்து செல்லும் விருந்தினரைப் பற்றியே நம் பேச்சு.

2012ஆம் ஆண்டின் இறுதியில் எகிப்திய அர்ச்சகர் ஒருவரின் பதப்படுத்தப்பட்ட உடல் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்து வந்தது. சுற்றிய துணியை ஓரிழையும் பிரிக்காமல், ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டே உள்ளிருப்பதைத் திரையில் காட்டினர். அடுத்த ஆண்டில் பாரசீக மன்னன் சைரசின் களிமண் உருளை வந்தது. ஒரு சாண் நீளமே உள்ள அம்மண்கட்டியைக் காண இந்நகரப் பார்சி மக்கள் காட்டிய ஆர்வத்தை எண்ணினால், நாமும் நம் பழம்பொருள்பால் அத்துணை ஆர்வம் காட்டுகின்றோமா என்ற ஐயம் எழாமற் போகாது.

இவையனைத்தினும் மேலாக நாம் மதிப்பது, 2017 நவம்பர் 11 முதல் 2018 பிப்ரவரி 18 வரை நடைபெற்ற ‘இந்தியாவும் உலகமும்’ என்னும் கண்காட்சியையே. மும்பை அருங்காட்சியகமும் தில்லி தேசிய அருங்காட்சியகமும் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் கூடி அமைத்தது அது. இருநூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள், ஒன்பது பகுதிகள். வட்டெறியும் வீரனின் சலவைக்கல் சிலை முன்னே பெருங்கூட்டம் நின்றது. மறைந்துபோன கிரேக்க வெண்கலச் சிலை ஒன்றின் உரோமானியப் படி அது. பழுது பார்த்தவர்கள் அதன் தலையைத் தவறான திசை நோக்கிப் பொருத்திவிட்டனர் என்பதைப் படமெடுத்துக்கொண்டவர்களுள் எத்தனை பேர் கவனித்தனரோ!

தமிழர் நிற்கவேண்டிய இடம் வேறு. முதற்பகுதியில், பழங்கற்காலப் பொருள்களினிடையே, திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்துக் கற்கோடரி வைக்கப்பட்டிருந்தது. கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அவ்விடத்தை 1863இல் உலகறியச் செய்தவர் இராபர்ட் புரூஸ் பூட். சாந்தி பப்பு குழுவினர் நிகழ்த்திய அகழாய்வின்வழி, அங்குள்ள கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என 2011இல் அறிவிக்கப்பட்டது. கண்காட்சி நடந்துகொண்டிருந்த 2018 சனவரி 31 அன்றே, அவ்விடத்தின் பிற்காலக் கருவிகள் 3,85,000 ஆண்டுகட்கு முற்பட்டவை என்னும் ஆய்வும் வெளியாயிற்று. ஒரு கையளவுக் கல் அது. அதனை வடித்தவன் தமிழனல்லன். இன்றைய மனித இனமே அன்று தோன்றவில்லை. ஆதலின் நம் மேடைப் பெருமைகட்கு அது பயன்படாது. ஆனால் ஆப்பிரிக்காவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் கிடைத்த கோடரிகளின் வடிவமே இதற்கும் உண்டு. எங்கோ நிற்கும் இரண்டனை அருகருகே வைத்துக் காட்டுவதன்றோ இத்தகைய கண்காட்சிகளின் பயன்?

கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தர் வகுப்பினராகிய நம்மைக் கவர்ந்த செய்தி இன்னொன்று. இரவல் பொருள் ஒவ்வொன்றுக்கும் நிலையறிக்கை உண்டு. புறப்படும்போதும், வந்திறங்கும்போதும், திரும்பும்போதும் கீறல், விரிசல், நிறமாற்றம் ஆகியன குறிக்கப்பட்டுக் கையொப்பமிடப்படும். பெட்டி வந்தவுடன் திறப்பதில்லை. புதிய இடத்தின் வெம்மைக்கும் ஈரப்பதத்துக்கும் பழகுமாறு ஒருநாள் அளவு விட்டுவைப்பர். திருப்பித் தருவோம் என்னும் வாக்குறுதியின்மீதே இம்மாபெரும் ஏற்பாடு முழுவதும் நிற்கிறது.

அவ்வாறாயின், இரவல் தருவோரின் கைக்கு அப்பொருள்கள் எவ்வாறு சென்றன என்று கேட்பது பிழையாகாது. புதுக்கோட்டைச் சீமையில் 1898இல் கிடைத்த உரோமப் பொற்காசுகள் 501. அவற்றுள் பலவற்றில் அரசன் தலைமீது உளியால் வெட்டிய வடு காணப்படும். அப்புதையலின் ஒரு பகுதி இன்று இலண்டனில் உள்ளது. அமராவதிச் சிற்பங்களும் அங்கே உள்ளன. அவை சென்ற வழி ஆட்சியதிகாரத்தின் வழி. களவின் வழியும் உண்டு.

பத்தூர் நடராசர் வரலாறு பலர் அறிந்ததே. சோழநாட்டுப் பத்தூரில் பாழடைந்த கோயிலருகே 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அத்திருமேனி, பல கைகள் மாறி, 1982இல் இலண்டனில் கனடா நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. செப்பனிடுவதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபோது காவல்துறையினர் கைப்பற்றினர். இலண்டன் நீதிமன்றத்தில் இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமன்றிக் கோயிலும், அக்கோயிற் சிவலிங்கமும் உரிமை கோரின! உலோகம், ஒட்டியிருந்த மண், கறையான் தடம் ஆகியவை சான்றுகளாய் ஆராயப்பட்டன. 1988இல் கோயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 1991இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டு, அவ்வாண்டே கூத்தப்பெருமான் தாயகம் திரும்பினார். அவருக்கு நிலையறிக்கை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பியவர் எவருமிலர். கறையானே சாட்சி சொல்ல நேர்ந்தது.

2023 திசம்பரில் அதே மும்பை மாளிகைக்கு இலண்டன், பெர்லின் நகரங்களிலிருந்து பழங்காலச் சிற்பங்கள் வந்து, 2024இல் திரும்பிச் சென்றன. கிரேக்க, உரோம, எகிப்திய, அசீரியத் தெய்வங்களை நம் நாட்டுத் தெய்வங்களோடு ஒருங்கே காணும் பேறு அப்போது கிட்டியது. பத்தூர் நடராசரோ தம் ஊர்க்கோயிலுக்குச் செல்லவில்லை. திருவாரூரில் சிலைப் பாதுகாப்பு மையத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னே வைக்கப்பட்டார்.