ஈரத்தை விரட்டப் பிறந்த ஏசியும் நம் புதுவை வீடுகளும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுவைச் சுவர்கள் ஓதம் காப்பது புதிதல்ல. இப்போது சித்திரை வெயிலிலும் படுக்கையறைச் சுவரில் கறுப்புக் கறுப்பாய்ப் பூசணம் பூக்கிறதே, ஏன்? பல வீடுகளில் காரணம், பழுதான ஏசி. இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஏசி மனிதருக்காகப் பிறக்கவில்லை, காகிதத்துக்காகப் பிறந்தது! 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். காற்றிலுள்ள ஈரத்தால் காகிதம் விரிவதும் சுருங்குவதுமாக இருக்க, வண்ணங்கள் சரியாகப் பொருந்தவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற 25 வயதுப் பொறியாளர், குளிர்ந்த குழாய்ச் சுருள்மீது காற்றைச் செலுத்தி ஈரத்தைத் தண்ணீராக வடித்தெடுக்கும் முறையை வகுத்தார். இன்றும் ஏசி குழாயில் சொட்டுவது நம் அறைக் காற்றிலிருந்த அதே ஈரம்தான். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும்.

ஏசி இல்லாத காலத்தில் நம் ஊர் என்ன செய்தது? தமிழர் பகுதி வீடுகளில் திண்ணை, தாழ்வாரம், நடுவே முற்றம். சூடான காற்று முற்றத்து வழியே மேலே போகும். பிரெஞ்சு வீதிகளில் உயரமான கூரை, சாய்வுப் பலகை வைத்த ஜன்னல்கள். இரண்டிலும் பூச்சு சுண்ணாம்பு. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது, பூசணம் லேசில் பிடிக்காது. குடித்த ஈரத்தை வெளியேயும் விட்டுவிடும்.

சிமெண்டு வந்த பிறகும் இந்த அறிவு அழியவில்லை. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைப் பாருங்கள். 1937இல் வேலை தொடங்கியது. வடிவமைத்தவர் அந்தோனின் ரேமண்ட், உடனிருந்து கட்டியவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகாஷிமா. முழுக்கக் கான்கிரீட் கட்டடம். ஆனால் வடக்கு, தெற்கு முகங்களில் கண்ணாடி ஜன்னலுக்குப் பதில் திருப்பி வைக்கும் பலகைகள். கூரையிலும் இரண்டு அடுக்கு, நடுவே காற்று. பழுதாவதற்கு அங்கே இயந்திரமே இல்லை.

பிறகு நாம் என்ன செய்தோம்? முற்றத்தை மூடினோம். சுண்ணாம்பு போய் பிளாஸ்டிக் பெயிண்ட் வந்தது. ஜன்னலை அடைத்து ஏசி மாட்டினோம். கடலோர ஊர் இது. குளிர்ந்த சுவரில் வெளியிலிருந்து கசிந்து வரும் ஈரக்காற்று பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளரில் வேர்ப்பதுபோல் சுவரும் வேர்க்கும்.

எங்கள் தெருவில் ஒரு சின்னப் பெண்ணுக்கு ஓயாத இருமல், இழுப்பு. மருந்து மாறியதே தவிர இருமல் நிற்கவில்லை. கட்டிலுக்குப் பின்னால் பார்த்தால், ஏசிக்குக் கீழே சுவர் முழுக்கப் பூசணம்! மூன்று முறை பெயிண்ட் அடித்தும் திரும்பி வந்திருக்கிறது. ஒழுகலை யாரும் பார்க்கவில்லை. ஓதமும் பூசணமும் உள்ள வீடுகளில் மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் கூடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே எச்சரித்திருக்கிறது.

செய்ய வேண்டியவை:

1. முதலில் ஒழுகலை நிறுத்துங்கள். மெக்கானிக்கிடம் தண்ணீர்க் குழாயின் சரிவு, அடைப்பு, தட்டு, சுருள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

2. ஃபில்டரை நீங்களே அடிக்கடி கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

3. பூசணத்தைக் காய்ந்த துணியால் தட்டாதீர்கள், விதைத்தூள் பறக்கும். முகக்கவசம் போட்டு, சோப்புத் தண்ணீரால் துடைத்துச் சுவரைக் காயவிடுங்கள். இழுப்பு உள்ளவர்கள் அந்த அறையில் இருக்கக் கூடாது.

4. நனைந்த எதையும் ஒன்றிரண்டு நாளுக்குள் உலர்த்துங்கள். ஊறிப்போன மெத்தையைத் தூக்கி எறியுங்கள்.

5. சுவர் முழுதாகக் காயாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள்.

6. வெயில் நாளில் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீடுகளில் இன்றே கட்டிலையும் பீரோவையும் நகர்த்திப் பாருங்கள். உங்கள் பழைய வீட்டில் காற்றோட்டம் எப்படி இருந்தது என்பதையும் கீழே எழுதுங்கள்.