மாநிலங்களும் மத்திய அரசும்: அமெரிக்க வரலாறு புகட்டும் பாடம்

சென்ற பொங்கல் விழாவுக்கு மறுநாள் நம் சங்கத்து வாசகசாலையில் ஒரு விவாதம் எழுந்தது. மத்திய அரசின் அதிகாரம் அளவு மீறிப் போகுமானால், மாநிலங்கள் ஒன்றுகூடி அரசியல் சட்டத்தையே திருத்தி அதனைக் குறைக்க வழியுண்டா என்பதே வினா. அமெரிக்காவில் உண்டு என்றார் ஓர் அன்பர். ஏட்டில் உண்டு, நாட்டில் இல்லை என்றார் மற்றொருவர். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கக் கண்டோம். நாம் மெட்ரிகுலேஷன் தேறிய ரயில்வே குமாஸ்தாவேயன்றிச் சட்டம் பயின்றவர் அல்லோம். எனினும், அதன்பின் படித்தறிந்தவற்றை இம்மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

ஆங்கிலேயர் ஆட்சியினின்றும் விடுபட்ட 13 அமெரிக்க மாநிலங்கள் 1781-ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கையின்கீழ் இணைந்தன. அதில் மத்திய அரசு பெயரளவிற்கே இருந்தது. வரி விதிக்கும் உரிமை அதற்கில்லை. உடன்படிக்கையில் ஓர் எழுத்தை மாற்றவும் 13 மாநிலங்களும் இசைய வேண்டும். போர்க்கடனைத் தீர்ப்பதற்காக இறக்குமதிப் பொருள்கள்மீது நூற்றுக்கு 5 வீதம் வரி விதிக்க அனுமதி கோரியபோது, மிகச் சிறிய மாநிலமாகிய ரோட் ஐலண்டு 1782-இல் மறுத்துவிட்டது. திட்டம் கவிழ்ந்தது.

இவ்வநுபவத்தின் பயனாகவே 1787-இல் பிலடெல்பியா நகரில் மாநாடு கூடிற்று. அங்கு உருவான புதிய அரசியல் சட்டம் மத்திய அரசுக்கு வலிமை தந்தது. வலிமை தந்தவர்களுக்கே அச்சமும் பிறந்தது. திருத்தம் கொண்டுவரும் உரிமை காங்கிரஸ் எனப்படும் மத்தியச் சட்டசபையிடம் மட்டும் இருந்தால், அச்சபையே கொடுமை இழைக்கும்போது மக்களுக்குப் புகல் ஏது என்று வர்ஜீனியாவின் பிரதிநிதி ஜார்ஜ் மேசன் செப்டம்பர் 15-ஆம் தேதி வினவினார். மாநாடு அதனை ஏற்று, 5-ஆம் பிரிவில் இரு வாயில்களை அமைத்தது. காங்கிரஸின் இரு சபைகளும் மூன்றில் இரு பங்கு வாக்கால் திருத்தத்தை முன்மொழியலாம். அன்றி, மூன்றில் இரு பங்கு மாநிலங்கள் விண்ணப்பித்தால் காங்கிரஸ் ஒரு தனி மாநாட்டைக் கூட்டியே தீர வேண்டும். எவ்வாயிலால் வந்தாலும், நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்பினால்தான் திருத்தம் செல்லும்.

இரண்டாம் வாயில் விரைவிலேயே தட்டப்பட்டது. வர்ஜீனியாவும் நியூயார்க்கும் மறுபடி மாநாடு கூட்டுமாறு விண்ணப்பித்தன. மீண்டும் மாநாடு கூடினால் கட்டியது முழுவதும் கலையுமோ என்று அஞ்சியோர் பலர். ஜேம்ஸ் மாடிசன் 1789 ஜூன் மாதம் காங்கிரஸில் தாமே திருத்தங்களைப் பிரேரித்தார். அவற்றுள் 10 திருத்தங்கள் 1791 டிசம்பர் 15-ஆம் தேதி நிறைவேறின. மத்திய அரசுக்கு வழங்கப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரங்கள் யாவும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியன என்பது 10-ஆவது திருத்தம். "வெளிப்படையாக வழங்கப்படாத" என்று எழுதுமாறு சிலர் கேட்டனர். அவ்வொரு சொல் மறுக்கப்பட்டது. அச்சொல் இல்லாமையால் விளைந்த வழக்குகள் மிகப் பல.

அடுத்து நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் சுவைமிக்க பகுதி. விடுதலைப் போரின்போது, 1777-இல், ராபர்ட் பார்க்வர் என்னும் வணிகர் ஜார்ஜியா மாநிலத்துக்குச் சரக்குகள் கொடுத்தார். பணம் வந்து சேரவில்லை, வணிகரும் இறந்தார். அவருடைய சொத்தை நிர்வகித்த சிஸம் என்பவர் தென் கரோலினாவைச் சேர்ந்தவர். அவர் ஜார்ஜியாவின்மீது சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். ஒரு மாநிலத்தைத் தனி மனிதன் கோர்ட்டுக்கு இழுப்பதா என்று சினந்த ஜார்ஜியா, ஆஜராகவே மறுத்தது. 1793 பிப்ரவரி 18-இல் நீதிபதிகள் ஐவருள் நால்வர், வழக்குச் செல்லும் என்று தீர்ப்பளித்தனர்.

ஜார்ஜியாவின் கீழ்ச்சபை, அத்தீர்ப்பை நிறைவேற்ற வருபவனைத் தூக்கிலிட வேண்டுமென்று ஒரு மசோதாவையே நிறைவேற்றிவிட்டது. அது சட்டமாகவில்லை, சினத்தால் ஆனதும் ஒன்றுமில்லை. ஆனால் இதே போன்ற வழக்கு மாசசூசெட்ஸ்மீதும் வந்திருந்தது. பிற மாநிலங்களுக்கும் போர்க்காலக் கடன்கள் இருந்தன. இன்று ஜார்ஜியாவுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்று யாவும் உணர்ந்தன. 1794-இல் காங்கிரஸின் இரு சபைகளும் பெரும்பான்மையால் 11-ஆவது திருத்தத்தை ஏற்றன. அப்போதிருந்த 15 மாநிலங்களில் 12-ஆவது மாநிலம் 1795 பிப்ரவரி 7-இல் இசைந்தது. ஒரு மாநிலத்தின்மீது பிற மாநிலத்தாரோ அயல்நாட்டாரோ தொடுக்கும் வழக்கை மத்திய நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்பது சட்டமாயிற்று. தூக்குக் கயிற்றைக் காட்டிச் சாதிக்க முடியாததை, அண்டை மாநிலங்களின் சம்மதம் இரண்டே ஆண்டுகளில் சாதித்தது.

இப்பாடத்தை யாவரும் நினைவில் வைக்கவில்லை. மத்திய அரசின் இறக்குமதி வரி தனக்குக் கேடு என்று கண்ட தென் கரோலினா, 1832-இல் அச்சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று தானாகவே அறிவித்தது. அதன் பின்னே எந்த மாநிலமும் வரவில்லை. ஜனாதிபதி ஜாக்சன் படைபலத்தைக் காட்டி எச்சரித்தார். 1833-இல் வரி படிப்படியாகக் குறைக்கப்படவே சச்சரவு ஓய்ந்தது.

இரண்டாம் வாயிலோ இன்றுவரை ஒருமுறையும் திறக்கப்படவில்லை. அமெரிக்காவின் 27 திருத்தங்களும் காங்கிரஸ் வழியாகவே வந்தன. ஆயினும் தட்டும் ஓசைக்கும் பயனுண்டு. செனட் உறுப்பினரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று மாநிலங்கள் பல விண்ணப்பித்து, எண்ணிக்கை நெருங்கியதும், காங்கிரஸே 1912-இல் அத்திருத்தத்தை முன்மொழிந்தது.

மாநில உரிமை என்ற கொடியின்கீழ் வருவன யாவும் மக்கள் உரிமை ஆகிவிடா என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது. அலபாமாவில் 1900-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வகுத்த தொகுதிகளே அறுபது ஆண்டுகள் நீடித்தன. மாநில செனட்டில் ஒரு தொகுதியின் ஜனத்தொகை மற்றொன்றைப்போல் 41 மடங்கு இருந்தது. ஒரு மனிதனுக்கு ஒரு வாக்கு என்ற நெறியில் தொகுதிகளைத் திருத்துமாறு 1964-இல் சுப்ரீம் கோர்ட்டு ஆணையிட்டது. அதனைத் தடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்தும் மாநாடு வேண்டுமென 1969-க்குள் 33 மாநிலங்கள் விண்ணப்பித்தன. தேவை 34. ஒன்று குறைந்ததால் முயற்சி நின்றது. மத்திய அரசு வரவுக்கு மேல் செலவிடலாகாது என்ற திருத்தத்துக்காக 1983-க்குள் 32 மாநிலங்கள் விண்ணப்பித்தன, அதுவும் எட்டவில்லை. 2014-இல் ஜார்ஜியா தொடங்கிவைத்த புதியதொரு விண்ணப்பத்தில் 2022-க்குள் 19 மாநிலங்கள் சேர்ந்தன.

இனி நம் நாட்டின் நிலையை நோக்குவோம். இந்திய அரசியல் சட்டத்தின் 368-ஆவது பிரிவில் ஒரே வாயில்தான் உண்டு. திருத்த மசோதா பாராளுமன்றத்தில் மட்டுமே பிறக்கும். குறிப்பிட்ட சில பொருள்களில், பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டசபைகள் பின்னர் இசைய வேண்டும். தமிழ்நாடு அரசு 1969-இல் நீதிபதி ராஜமன்னார் தலைமையில் மூவர் குழுவை நியமித்தது. குழு 1971-இல் அறிக்கை தந்தது. 1974-இல் சட்டசபை மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அரசு ஏற்கவில்லை. 2025-இல் மீண்டும் ஒரு குழு, நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் அமைந்தது. இடையில் 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்து 42-ஆவது திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலினின்றும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதற்குப் பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டசபைகள் இசைவு தந்தன என்பதை மறத்தலாகாது. நம் மாநிலங்களிடம் இருந்த ஒரே பூட்டும் மாநிலங்களின் கையாலேயே திறக்கப்பட்டது.

நாம் யார்? நமக்குச் சம்பளம் தருவது மத்திய அரசு. நம் பிள்ளைகள் படிப்பது வேறொரு மாநிலத்தின் பள்ளியில். நம் தாய்மொழியைக் காப்பது மற்றொரு மாநிலம். மத்திய அரசு வலுவிழந்தால் பிற மாநிலத்தில் குடியிருக்கும் நம் உரிமைக்கு யார் காவல்? மாநிலம் வலுவிழந்தால் நம் மொழிக்கு யார் காவல்? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர் நம் போன்றவரே.

ஒற்றை லைனில் ஒரு ஸ்டேஷன் தானே முடிவு செய்து வண்டியை விட்டுவிட முடியாது. அடுத்த ஸ்டேஷன் 'லைன் கிளியர்' கொடுக்க வேண்டும். இதை நம் காலனிச் சிறுவரும் அறிவர். அதிகாரத்துக்கு எல்லை கட்ட விரும்பும் மாநிலமும் முதலில் அண்டை மாநிலத்தின் சம்மதத்தைத் தேட வேண்டும். அத்துடன், அவ்வெல்லையால் தன் குடிமக்களுக்கு நன்மை உண்டா என்றும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாசகசாலையில் விவாதித்த அன்பர் இருவருக்கும் இதுவே நம் விடை. நம் அரசியல் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்று அந்த அலமாரியில் இல்லை. வரும் ஆண்டில் சங்கம் அதனை வாங்கி வைக்குமாறு நிர்வாகக் குழுவினரைப் பணிவுடன் வேண்டுகிறோம்.