பயிற்சி வியாபாரிக்கு ஜாமீன் யார்?

கோவையை அடுத்த துடியலூரிலும் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஊர்களிலும் கல்லூரி முடித்த பிள்ளைகள் போடும் விண்ணப்பங்களில் இப்போது 'டிரெய்னி டிரேடர்' வேலையும் சேர்ந்திருக்கிறது. பங்கு, பருத்தி, தங்கம், கச்சா எண்ணெய் எதுவானாலும், கம்பெனிப் பணத்தில் திரையைப் பார்த்து வாங்கி விற்கப் பழகும் வேலை. அதற்கு அனுப்பும் பயோடேட்டா பெரும்பாலும் ஒரே அச்சு: மேலே 'குறிக்கோள்' என்று இரண்டு வரி, பத்தாம் வகுப்பு தொடங்கி மதிப்பெண் சதவீதம், தெரிந்த மென்பொருள்கள், தகப்பனார் பெயர், 'மேற்கண்ட விவரங்கள் உண்மை' என்ற உறுதிமொழி, கையெழுத்து. இந்த அச்சு வியாபாரத்தில் பிறந்ததல்ல, குமாஸ்தா உத்தியோகத்தில் பிறந்தது. வியாபாரம் தன்னிடம் வந்த புது ஆளிடம் கேட்ட கேள்விகள் வேறு. அவை இன்னும் இந்தக் காகிதத்தில் ஏறவில்லை.

தமிழ்நாட்டில் வியாபாரப் பயிற்சியை முறையாக நடத்தியதற்கு நிறைய எழுத்துச் சான்று கிடைப்பது நகரத்தார் எனும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1930 வாக்கில் எடுத்த கணக்கின்படி அங்கே செட்டியார்களின் வட்டிக்கடைகள் மட்டும் ஏறத்தாழ 1,650. இத்தனை கடைகளுக்கும் ஆள் பிடித்தது விளம்பரம் இல்லாமல், பரீட்சை இல்லாமல். சிறுவன் பெட்டியடிப் பையனாக, அதாவது பணப்பெட்டிக்குப் பக்கத்தில் எடுபிடியாகச் சேர்வான், பிறகு அடுத்தாள் எனும் உதவியாள், தேறினால் கடையை நடத்தும் ஏஜெண்டு. ஏஜெண்டுக்கு வழக்கமான தவணை மூன்று ஆண்டு. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம், தவணை முடிவில் லாபத்தில் பங்கு. பையனைச் சேர்க்கும்போது பார்த்தவை இரண்டே: எந்த வீட்டுப் பிள்ளை, கணக்கு வருமா. இரண்டாவதைத் திண்ணைப் பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டது. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. எண்சுவடியை மனப்பாடம் செய்த பையன் வட்டியைக் காகிதம் தொடாமல் சொல்வான். முதலாவதுதான் உண்மையான ஜாமீன். பையன் கையாடினால் அவமானம் அவனோடு நிற்காது. சிபாரிசு செய்த மாமனுக்கும் ஊருக்கும் சேரும். கடல் கடந்து ரங்கூனில் இருப்பவனை முதலாளி கட்டுப்படுத்தியது இந்தப் பயத்தாலும், ஊருக்கு அனுப்பவேண்டிய ஐந்தொகைக் கணக்காலும்தான்.

கொங்கில் இவ்வளவு கட்டுக்கோப்பு இருந்ததில்லை. ஆனால் கேள்வி அதேதான்: அடுத்தவர் பணத்தை இவனிடம் நம்பி ஒப்படைக்கலாமா? 1888இல் கோவையில் ஸ்டேன்ஸ் மில்லும், 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் அடுக்கடுக்காக மற்ற மில்களும் எழுந்தபோது, பருத்தி வாங்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டான். பருத்தி பார்க்கப் பழகுகிறவன் செய்வதைக் கிட்ட நின்று கவனித்தால் அந்தக் கேள்வி ஏன் எழுகிறது என்பது புரியும். பொதியிலிருந்து ஒரு பிடி பஞ்சைக் கிள்ளி, இரண்டு கட்டைவிரல்களுக்கும் ஆள்காட்டி விரல்களுக்கும் இடையே பிடித்து இழுத்து, பிரிந்ததை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மறுபடி இழுப்பான். சிக்கு போய் இழைகள் நேரானதும், கறுப்புத் துணிமேல் பரப்பி நீளம் சொல்வான். ஒரு கண்டி என்பது ஏறத்தாழ 356 கிலோ. நீளத்தைத் தப்பாகச் சொன்னால் நஷ்டம் கண்டிக்குக் கண்டி ஏறும், அது அவன் பணமும் அல்ல. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகனும் இப்படித்தான், இன்னொரு தரகனின் பக்கத்தில் நின்றே பழகினான். திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடி எனும் உதவியாளாக நுழைந்தவர்களில் சிலர் பின்னாளில் முதலாளிகளானார்கள். அங்கே கவுண்டர் முதலாளிகள் தங்கள் உழைப்பையே மூலதனமாகச் சொல்லிக்கொண்டதைப் பற்றி ஷரத் சாரி 2004இல் ஒரு புத்தகமே எழுதினார். இவற்றில் எதற்கும் விண்ணப்பம் கிடையாது.

விண்ணப்பம் வந்த வழி வேறு. 1873இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. நீலகிரிக் காப்பி இந்த வழியாக இறங்கியது. இந்தச் சரக்கைக் கையாண்ட வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கும் சர்க்கார் கச்சேரிகளுக்கும் பின்னால் மில் ஆபீஸ்களுக்கும் வேண்டியது பருத்தி இழுக்கும் விரல் அல்ல. ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் ரிஜிஸ்தரில் பதியவும் தெரிந்த கை. அதற்குப் படிப்பும் நன்னடத்தைச் சான்றும் கேட்டார்கள்; கேட்டது நியாயம். நம் பயோடேட்டாவின் மதிப்பெண்ணும் உறுதிமொழியும் அந்தக் குமாஸ்தா மேஜையின் மிச்சம். கோயம்புத்தூர் பங்குச் சந்தை இயங்கிய காலத்திலும் தரகர் ஆபீஸுக்கு ஆள் வந்தது பெரும்பாலும் தெரிந்தவர் சொல்லித்தான். 1994இல் தேசிய பங்குச் சந்தை திரை வழி வியாபாரத்தைத் தொடங்கியதும் ஊர்ச் சந்தைகளின் தேவை குறைந்தது. பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபியின் ஆணைப்படி கோவைச் சந்தை 2013இல் தொழிலிலிருந்து விலகியது. சொல்லிவிட்டவரின் இடத்துக்குச் சான்றிதழ் வந்தது. 2006இல் செபி நிறுவிய தேசியப் பத்திரச் சந்தை நிறுவனம், என்.ஐ.எஸ்.எம்., நடத்தும் பரீட்சைகள் விதியும் வரையறையும் தெரியுமா என்று பார்க்கும். நஷ்டத்தில் இருக்கும்போது கை நடுங்காதா, தப்பை மறைக்காமல் சொல்வாயா என்று பார்க்காது.

பழைய முறை சாதிக்குள் பூட்டிய கதவு, அதைப் புகழலாமா என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்வி. அந்தக் கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை, மாமன் இல்லாதவனுக்கும் திறக்கவில்லை, காகிதம்தான் திறந்தது. 1983இல் சிகாகோ வியாபாரி ரிச்சர்ட் டென்னிஸ் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, வியாபார அனுபவம் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு, இரண்டே வாரத்தில் விதிகளைக் கற்றுக்கொடுத்துத் தன் பணத்தை ஒப்படைத்தார். அவர்களில் பலர் நன்றாகச் சம்பாதித்தார்கள். வியாபாரத்தைப் பிறப்பால் மட்டுமே பெறமுடியும் என்ற பேச்சு அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் டென்னிஸ் வெறும் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து எடுக்கவில்லை. கேள்வித்தாள் கொடுத்தார், நேரில் பேசினார், பிறகு ஒவ்வொருவர் கணக்கையும் பார்த்தார். பெட்டியடி செய்த வேலையை வேறு வகையில் செய்தார் என்பேன்.

இப்போது எல்லாம் கணினி, மண்டிக்கடைப் பழக்கம் எதற்கு என்பது அடுத்த ஆட்சேபம். பதிலைச் செபியே 2024 செப்டம்பரில் வெளியிட்டது: 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சார்பு ஒப்பந்தச் (எஃப் அண்ட் ஓ) சந்தையில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல், அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் அதிகம். இவர்கள் கையிலும் கணினி இருந்தது. ஆகவே 'மூன்று வருடமாகச் சொந்தமாக டிரேடிங் செய்கிறேன்' என்ற வரி மட்டும் யாரையும் அசைக்காது. எவ்வளவு போட்டீர்கள், ஒரு நாளில் எவ்வளவு இழக்கலாம் என்று வரம்பு வைத்தீர்கள், அதை மீறிய நாள் எது என்று ஏடு காட்டினால்தான் அசையும்.

பயோடேட்டா எழுத உட்காரும் துடியலூர்ப் பிள்ளைக்குச் சொல்வது இதுதான்: 'குறிக்கோள்' வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் வியாபார ஏட்டின் சுருக்கத்தை, நஷ்டத்தையும் சேர்த்து, வையுங்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ மண்டியிலோ மாமாவின் நூல் கடையிலோ பணப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். உங்களைத் தெரிந்தவர் ஒருவர் பெயரை அவர் சம்மதத்தோடு கீழே போடுங்கள். பயிற்சிக்கே முதலில் டெபாசிட் கட்டு என்று கேட்கும் இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். பெட்டியடிப் பையன்கூட முதலாளியின் பணத்தில்தான் பழகினான்.